சிறைக் கணக்கில் எழுதப்படாத கூலி

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி பார்த்துக் கைதிகளைப் பிரித்து அடைப்பதும் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பார்டிவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு சொன்னது. சமையலுக்கு ஒரு சாதி, கழிவறைக்கு ஒரு சாதி என்று பல மாநிலச் சிறைக் கையேடுகளில் எழுதிவைத்திருந்த விதிகள் செல்லாதவை ஆயின. எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும், கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கான கலமே இருக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. ஒரு பத்திரிகையாளர் 2020-இல் எழுதிய புலனாய்வுக் கட்டுரையில் தொடங்கி, அவரே மனுதாரராகி வென்றெடுத்த தீர்ப்பு இது.

இந்தத் தீர்ப்பைப் பற்றித் தோழர்கள் பலரும் எழுதிவிட்டார்கள். நான் வேறோர் இடத்தில் நின்று எழுதுகிறேன். நான் ஒரு காஸ்ட் அக்கவுண்டன்ட். தமிழில் அடக்கவிலைக் கணக்கர் என்பார்கள். ஒரு பொருளைச் செய்து முடிக்க மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டு, அதற்கு விலை வைக்க வழி சொல்வது என் தொழில். சில ஆண்டுகள் மத்திய சிறைகளுக்குள் நடக்கும் தொழிற்கூடங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தறி, தையல், பேக்கரி, அலுவலகக் கோப்பு அட்டை என்று பல பிரிவுகள். அங்கே கண்ட ஒன்றைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

சாதி சிறைக் கையேட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. கூலிப் பட்டியலில் இருக்கிறது. யாருடைய உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வது, யாருடையதை விட்டுவிடுவது என்ற முடிவில் இருக்கிறது. கையேட்டிலிருந்து சாதிப் பெயர்களை அழித்துவிட்டாலும் இந்தக் கணக்கை யாரும் தொடவில்லை என்றால், பழைய ஏற்பாடு புதிய பெயரில் அப்படியே தொடரும்.

செக்கிலிருந்து சிறைச் சந்தை வரை

சிறை உழைப்பு என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. மாடு இழுக்க வேண்டியதை மனிதனை இழுக்க வைத்த கொடுமை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்தச் செக்கு இன்று நினைவுச்சின்னம். ஆனால் அந்தச் செக்கு வெறும் சித்திரவதைக் கருவி மட்டும் அல்ல என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. அது ஒரு உற்பத்திக் கருவி. அதிலிருந்து எண்ணெய் வந்தது. அந்த எண்ணெய்க்கு ஒரு விலை உண்டு. அந்தமான் சிறையிலும் அப்படித்தான், தேங்காய் எண்ணெய் ஆட்ட வைத்தார்கள். எரவாடா, ஆக்ரா சிறைகளின் கம்பளங்கள் வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே பெயர் பெற்றவை. சிறை நடத்தும் செலவில் ஒரு பகுதியைக் கைதிகளின் உழைப்பிலிருந்தே எடுப்பது காலனி அரசின் கொள்கை.

இன்றைக்கு மொழி மாறியிருக்கிறது. தண்டனை என்று சொல்வதில்லை, சீர்திருத்தம், தொழிற்பயிற்சி என்கிறார்கள். திகார் சிறையின் பொருட்கள் ‘டி.ஜே.’ என்ற பெயரில் விற்கின்றன. கேரளச் சிறைகளின் சப்பாத்தி ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் பிரபலம். தமிழ்நாட்டில் ‘சிறைச் சந்தை’ இருக்கிறது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளுக்கும் ‘ஃப்ரீடம்’ என்றே பெயர். உள்ளே இருப்பவர் செய்த பொருளுக்கு விடுதலை என்று பெயர் வைத்து விற்கிறோம்.

இந்தத் தொழிற்கூடங்கள் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. உள்ளே வேலை இருப்பது நல்லது. பூட்டிய அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து வருடம் உட்கார்ந்திருப்பதைவிடத் தறியில் உட்காருவது மேல் என்று எந்தக் கைதியும் சொல்வார். வீட்டுக்கு நாலு காசு அனுப்பலாம். மனு பார்க்க வரும் மனைவியிடம் கை நீட்டாமல் இருக்கலாம். நான் கேட்பது, அந்த வேலை யாருக்கு என்ன விலையில் கொடுக்கப்படுகிறது என்பதை.

கணக்குத் தாளில் என்ன இருக்கிறது

அடக்கவிலைத் தாள் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் மூலப்பொருள். அடுத்து நேரடிக் கூலி, அதாவது அந்தப் பொருளைத் தன் கையால் செய்தவரின் கூலி. அதன்மேல் தொழிற்கூட மேற்செலவுகள்: மின்சாரம், இயந்திரத் தேய்மானம், பழுதுபார்ப்பு, கூடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவு. அதற்கு மேல் நிர்வாகச் செலவு. எல்லாவற்றையும் கூட்டி, ஒரு சதவீதம் லாபம் வைத்தால் விற்பனை விலை.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு முறைதான் முக்கியம்.

ஒரு சிறைத் தையல் கூடத்தில் 40 பேர் அரசுத் துறை ஒன்றுக்குச் சீருடைச் சட்டை தைக்கிறார்கள். ஒருவர் நாளைக்கு 5 சட்டை. ஆக நாளைக்கு 200 சட்டை. துணி 250 ரூபாய், நூல், பட்டன் 20 ரூபாய். கைதிக்கு நாள் கூலி 200 ரூபாய் என்றால் சட்டைக்குக் கூலி 40 ரூபாய். மற்ற மேற்செலவு 30 ரூபாய். ஒரு சட்டையின் அடக்கவிலை 340 ரூபாய்.

இதே சட்டையை வெளியே ஒரு தையல் நிறுவனம் தைத்தால், நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் சட்டைக்குக் கூலி 100 ரூபாய். உள்ளே 40, வெளியே 100. இந்த 60 ரூபாய் வித்தியாசம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சிறைக் கூலி குறைவு என்று மனித உரிமை அமைப்புகள் பேசுவது இதைத்தான். அந்தப் பேச்சு நியாயமானது.

ஆனால் அந்தத் தாளில் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்கு வரியே கிடையாது.

அந்த ஐந்து ரூபாய்

40 பேர் வேலை செய்யும் இடத்தில் துணி வெட்டு குவியும். நூல் தூசு பறக்கும். 40 பேரும் கழிவறை போவார்கள். வெளி நிறுவனத்தில் இதற்கென்று இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் இருப்பார்கள். ஆளுக்கு 500 வீதம் நாளைக்கு 1,000 ரூபாய். 200 சட்டைக்குப் பகிர்ந்தால் ஒரு சட்டைக்கு 5 ரூபாய். எந்தக் கணக்கரும் இதை மேற்செலவில் சேர்த்துவிடுவார். சேவைப் பிரிவின் செலவை உற்பத்திப் பிரிவுகளுக்குப் பகிர்வது இந்தப் படிப்பில் ஆரம்பப் பாடம்.

நான் பார்த்த சிறைத் தொழிற்கூடக் கணக்குகளில் இந்த ஐந்து ரூபாய் இல்லை. கூடம் சுத்தமாகத்தான் இருந்தது. கழிவறை கழுவப்பட்டுத்தான் இருந்தது. தினமும் காலையில் நாலைந்து பேர் வாளியும் விளக்குமாறுமாக வந்து போவார்கள். ஆனால் அவர்கள் தொழிற்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் இல்லை. அவர்கள் ‘சிறைப் பராமரிப்பு’ வேலையில் இருப்பவர்கள். அந்த வேலைக்குப் பட்டியலிலேயே ஆகக் குறைந்த தொகைதான். அந்தத் தொகையும் உற்பத்திக் கணக்குக்கு வராது, வேறு தலைப்பில் போய்விடும்.

கணக்கில் வராத உழைப்புக்கு என்ன நேர்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். செலவு என்று ஒன்று பதிவானால் அதைக் குறைக்க நிர்வாகம் வழி தேடும். மெஷின் வாங்கலாமா, குழாய் அமைப்பை மாற்றலாமா என்று யோசிக்கும். கையுறை, பூட்ஸ் வாங்க நிதி கேட்கும்போது, இதோ இவ்வளவு செலவு மிச்சமாகும் என்று காட்ட முடியும். செலவே இல்லை என்று இருக்கும் இடத்தில் மெஷின் எதற்கு? உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாய் எதற்கு? ஆள் இருக்கிறான், இலவசமாக இருக்கிறான். சாதி ஒரு வேலையை இழிவானது என்று ஒதுக்கி வைக்கிறது. கணக்கு அந்த வேலைக்குச் சுழியம் போட்டு, மாறவே வேண்டிய தேவை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இதில் இன்னொரு கேடு உண்டு. பல மாநிலங்களில் கைதியின் கூலியிலிருந்து ‘பராமரிப்புச் செலவு’ என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். உணவு, உடை, தங்குமிடம் வகையறாவுக்கு. அதாவது தைப்பவரின் கூலியிலிருந்து, அவர் இருக்கும் இடத்தைப் பராமரிப்பதற்காக அரசு பணம் எடுக்கிறது. ஆனால் அந்தப் பராமரிப்பைத் தன் கையால் செய்பவருக்குப் பட்டியலின் கடைசிக் கூலி. பராமரிப்பு என்ற ஒரே சொல், ஒரு பக்கம் வசூலாகவும் இன்னொரு பக்கம் இலவச உழைப்பாகவும் இருக்கிறது. வெளியே ஊரைச் சுத்தம் செய்பவர்களுக்கு நகராட்சிகள் செய்வதும் இதுதானே? வரி வாங்குவார்கள், ஒப்பந்தத் தொழிலாளிக்கு மூன்று மாதம் சம்பளம் பாக்கி வைப்பார்கள்.

‘திறனற்றவர்’ யார்?

சிறைக் கூலிப் பட்டியலில் மூன்று வகை. திறன் பெற்றவர், பாதித் திறன் பெற்றவர், திறனற்றவர். சாதிப் பெயர் எங்கும் இல்லை. பார்ப்பதற்கு முழுக்க முழுக்கத் தொழில் சார்ந்த பிரிவினை.

யார் எந்த வகை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? தண்டனைக் கைதி உள்ளே வரும்போது வெளியே என்ன வேலை செய்தாய் என்று கேட்டு எழுதுகிறார்கள். நெசவு தெரிந்தவர் தறிக்கு. தையல் தெரிந்தவர் தையலுக்கு. படித்தவர் அலுவலகத்தில் ‘ரைட்டர்’. மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடு எழுதும் அந்த வேலை திறன் பெற்ற வேலை. துப்புரவு வேலை பார்த்தவர் துப்புரவுக்கு. கூலி வேலை என்று சொன்னவர் எங்கே ஆள் தேவையோ அங்கே, பெரும்பாலும் துப்புரவுக்கு.

இதில் என்ன தவறு, தெரிந்த வேலையைத்தானே கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். நானும் ஒரு சிறையில் அதிகாரி ஒருவரிடம் இதைப் பேசியிருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, கைதிகளிடம் கனிவாக நடப்பவர்தான். “சாதி எல்லாம் நாங்க பாக்கறதே இல்ல சார். அவனுக்கு அதான் தெரியும். வெளியில போனாலும் அதத்தான் செய்யப் போறான்” என்றார்.

அதே கூடத்தில் காலையில் பெருக்க வரும் ஓர் இளைஞரிடம், வெளியே என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். “திருப்பூர்ல ரெண்டு வருஷம் ஓவர்லாக் ஓட்டிருக்கேன் சார்” என்றார். அப்படியானால் தையலில் சேர்ந்திருக்கலாமே என்றேன். “வந்தன்னிக்கு அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. முனிசிபாலிட்டின்னு சொன்னேன். அவ்ளோதான் சார்.” சொல்லிவிட்டுக் குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் பெருக்கிய இடத்துக்குப் பக்கத்தில், ஆள் இல்லாமல் உறை போட்டு மூடிய இரண்டு ஓவர்லாக் மெஷின்கள் இருந்தன.

சாதி என்ற கலம் தேவையே இல்லை. அப்பாவின் வேலை, ஊரின் பெயர், தெருவின் பெயர் போதும். நம் நாட்டில் ஒருவரின் தொழில் அனுபவம் என்பதே சாதி எழுதிக் கொடுத்த சான்றிதழ்தான். அதை ‘அனுபவம்’ என்ற நடுநிலைச் சொல்லில் வாங்கிப் பதிவு செய்து, அதை வைத்தே மறுபடியும் வேலையைப் பகிர்ந்தால், வெளியே சாதி செய்த வேலைப் பிரிவினையை உள்ளே அரசு முத்திரை குத்தித் தொடர்கிறது என்று அர்த்தம். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். அந்த அடுக்கைச் சிறைக் கூலிப் பட்டியலில் ரூபாய்க் கணக்கில் பார்க்கலாம்.

‘திறனற்ற’ என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. என் அம்மா ஒரு பேரூராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். அடைத்துக்கொண்ட சாக்கடையை எந்தப் பக்கமிருந்து குத்தினால் தண்ணீர் நகரும், எந்த மூடியைத் திறந்ததும் குனியக் கூடாது, எந்த நாற்றம் வந்தால் உடனே விலகி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் செத்துப்போனார்கள். உயிரைக் காப்பாற்றும் அறிவுக்குத் திறன் என்று பெயர் இல்லை, கோப்பில் வரிசை எண் போடுவதற்குத் திறன் என்று பெயர். இந்த வகைப்பாட்டை எந்தக் கணக்கியல் தரநிலையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது சமூகத்திலிருந்து நேராகத் தாளுக்கு வந்தது.

வெள்ளைக்காரர்கள் எழுதியது, நாம் காத்தது

சிறைக்குள் சாதி எப்படி விதியானது என்பதற்கு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைதிகள் தனித்தனியே சமைத்துக்கொள்ளும் முறையை மாற்றிப் பொதுச் சமையல் கொண்டுவந்தது காலனி அரசு. உயர்சாதிக் கைதிகள் எதிர்த்தார்கள். 1855-இல் பீகார் பகுதியில் ஆரா, முசாஃபர்பூர் சிறைகளில் பித்தளைச் சொம்பைப் பிடுங்கி மண் சொம்பு கொடுத்ததற்காகவே கலகம் வெடித்தது, ஊர் மக்களும் சேர்ந்துகொண்டார்கள். அரசு பின்வாங்கியது. சாதி ஆசாரத்தைச் சீண்டாமல் சிறையை நடத்துவதே புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தது. தகுந்த சாதிச் சமையல்காரர், குறிப்பிட்ட சாதித் துப்புரவாளர் என்ற விதிகள் அந்தச் சமரசத்தில் விளைந்தவை. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னொரு பக்கம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. அந்தச் சட்டம் 1952-இல் ஒழிந்தது. அதன் மிச்சம் சிறைக் கையேடுகளில் ‘பழக்கக் குற்றவாளி’ என்ற பெயரில் வாழ்ந்தது. அதையும் 2024 தீர்ப்பு கண்டித்திருக்கிறது.

1947-க்குப் பிறகு இந்த விதிகளை மாற்ற எந்த வெள்ளைக்காரரும் தடையாக இல்லை. ஆட்சிக்கு வந்த எல்லாக் கட்சிகளின் காலத்திலும் அவை அச்சாகிக்கொண்டே இருந்தன.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம், குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு வழியாகக் கறுப்பின மக்கள் கைதிகளாகிப் பழைய தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதில் தண்டனைக்கு என்று தனி விலக்கு இல்லை. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம் என்று மட்டும் 23(2) சொல்கிறது. அப்படிக் கேட்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் அதே வரியில் சொல்கிறது.

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998-இல் குஜராத் அரசு வழக்கில், கடுங்காவல் தண்டனை பெற்றவரை வேலை செய்ய வைப்பது சட்டப்படி செல்லும், ஆனால் நியாயமான கூலி கட்டாயம் தரவேண்டும் என்றது. ஒவ்வொரு மாநிலமும் கூலி நிர்ணயக் குழு அமைக்க உத்தரவிட்டது. உணவு, உடைச் செலவைக் கழித்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. அந்த இடத்தைத்தான் மாநிலங்கள் இறுகப் பிடித்துக்கொண்டன, குழுவை மறந்தன.

மனம் இருந்தால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கர்நாடகம் கைதிகளின் நாள் கூலியை 500 ரூபாய்க்கு மேல் உயர்த்தியது. அங்கே சிறை நிர்வாகம் கவிழ்ந்துவிடவில்லை.

2013-இன் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் சிறைகளையும் கட்டுப்படுத்தும் என்று 2024 தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பைத் தொடர்ந்து ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறைக் கையேட்டில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதிக்கும் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கூலியை நிர்ணயிப்பதும் வேலையைப் பகிர்வதும் மாநில அரசு. சமூகநீதி பேசும் மாநிலத்துக்கு டெல்லியைக் காட்டித் தப்பிக்க வழி இல்லை.

மூன்று பதில்கள்

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று பேச்சு வரும்.

ஒன்று, குற்றவாளிக்கு எதற்கு முழுக் கூலி என்பது. நீதிமன்றம் விதித்த தண்டனை சுதந்திரத்தைப் பறிப்பது, கடுங்காவல் என்றால் உழைக்க வைப்பது. உழைப்பைத் திருடுவது தண்டனையில் இல்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்களும் யோசிக்க வேண்டும். கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாக ஒதுக்கலாம் என்று 1998 தீர்ப்பே பரிந்துரைத்தது. கூலியே சொற்பமாக இருந்தால் அந்தப் பங்கும் சொற்பம்தான். உள்ளே இருப்பவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்களைச் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. நல்ல வக்கீலும் ஜாமீனுக்கு ஆளும் இல்லாதவர்கள் இவர்கள்.

இரண்டு, தொழிற்கூடம் நஷ்டத்தில் ஓடும் என்பது. இதற்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன். மேலே போட்ட சட்டைக் கணக்கில் கூலியை 40-லிருந்து 100 ஆக்கி, துப்புரவுக்கு 5 ரூபாயும் சேர்த்தால் அடக்கவிலை 340-லிருந்து 405 ஆகும். 65 ரூபாய் உயர்வு. அந்தச் சட்டையை வாங்குவது யார்? இன்னொரு அரசுத் துறை. அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணத்தில் 65 ரூபாய் தொழிலாளியிடம் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். சிறைத் தொழிற்கூடங்களின் பொருளாதாரத்தைக் கெடுப்பது கூலி அல்ல. பழைய மெஷின், நேரத்துக்கு வராத நூல், ஆள் எண்ணி அடைத்து, மறுபடி எண்ணித் திறப்பதில் போகும் வேலை நேரம், இவைதான். இவற்றைச் சரிசெய்யாமல் கூலியில் கை வைப்பது, கேட்க நாதியற்றவர் தலையில் செலவை ஏற்றுவது.

மூன்று, சாதி பார்த்துப் பிரிப்பது அமைதிக்காக என்பது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாக அடைப்பதை எதிர்த்த பொதுநல வழக்கில், மோதலைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறோம் என்ற அரசின் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் ஏற்றுக்கொண்டது. 2024-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதியை வேலியாகப் பயன்படுத்த முடியாது. இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் சுடுகாட்டிலும் இதையே சொல்வார்கள். ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, சிறைக்குள் செய்யப்படும் எல்லா வேலையும் கணக்குக்கு வரவேண்டும். துப்புரவு, சமையல், மருத்துவமனை உதவி எல்லாவற்றுக்கும் கூலி நிர்ணயித்து, அந்தந்தப் பிரிவின் செலவில் சேர்க்க வேண்டும். வெளியே துப்புரவுக்கு என்ன குறைந்தபட்சக் கூலியோ அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, துப்புரவு வேலையைத் ‘திறனற்ற’ வகையிலிருந்து எடுக்க வேண்டும். ஆபத்தான வேலைக்கு வெளியே கூடுதல் படி கேட்கிறோம், உள்ளேயும் கேட்க வேண்டும். மெஷினும் பாதுகாப்புக் கருவியும் இல்லாத இடத்தில் எந்தக் கைதியையும் இறக்கக் கூடாது.

மூன்றாவது, வேலைப் பகிர்வு அப்பா பெயரிலும் பழைய தொழிலிலும் நடக்கக் கூடாது. யாருக்கு எதில் விருப்பம் என்று கேட்டு, பயிற்சி கொடுத்து, சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். எந்தத் தறிக்காரருக்கும் துப்புரவு முறை வரவேண்டும், எந்தத் துப்புரவாளருக்கும் தறி கிடைக்க வேண்டும்.

நான்காவது, வெளியிலிருந்து தணிக்கை. பதிவேட்டிலிருந்து சாதிக் கலத்தை நீக்கியது சரியான முடிவு, அது வார்டரின் கையில் ஆயுதமாக இருந்தது. ஆனால் கலம் போனதும் பாகுபாடு போய்விட்டதா என்பதை யாராவது சோதித்தாக வேண்டும். எந்த வேலையில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்பதைப் பெயர் இல்லாத எண்ணிக்கையாக, சிறை நிர்வாகத்துக்கு வெளியே இருக்கும் குழு ஒன்று ஆண்டுதோறும் எடுத்து வெளியிட வேண்டும்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு அருகில் உள்ள மத்திய சிறைக்கு எழுதுங்கள். கூலி நிர்ணயக் குழு கடைசியாக எப்போது கூடியது? ஒவ்வொரு வகைக்கும் இன்றைய நாள் கூலி என்ன, அதில் பிடித்தம் எவ்வளவு? துப்புரவுப் பணியில் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த வகைக் கூலி, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள்? கழிவறை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய என்னென்ன கருவிகள் வாங்கியிருக்கிறார்கள்? தொழிற்கூடப் பொருட்களின் அடக்கவிலைத் தாளில் துப்புரவுச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது, அல்லது ‘பொருந்தாது’ என்று வரும். அந்தப் பதிலை வாங்கி வையுங்கள். பத்து சிறைகளிலிருந்து பத்து ‘பொருந்தாது’ வந்தால், அதைக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம், கூலி நிர்ணயக் குழுவின் முன் வைக்கலாம். 2024 தீர்ப்பும் ஒருவர் விடாமல் கேள்வி கேட்டதில்தான் தொடங்கியது.